கேள்வி புரியுது, பதில்தான் புரியல: வேலூரில் ஒரு வார்டுத் தமிழ் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

வேலூர் காந்தி ரோட்டில் தமிழே தெரியாமல் ஒரு வருஷம் தாராளமாக ஓட்டலாம். லாட்ஜ்காரர் இந்தி பேசுவார், மருந்துக்கடைப் பையன் வங்காளம் பேசுவான், சாப்பாட்டுக் கடைப் பலகையில் வங்காள எழுத்தே இருக்கும். கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களை நம்பி நடக்கிற தெரு, அதனால் வருகிறவர்கள் மொழியைத் தெருவே கற்றுக்கொண்டுவிட்டது. சிக்கல் வார்டுக்குள் போனதும்தான் தொடங்கும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து படுத்திருக்கிற நோயாளிக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. பக்கத்தில் நிற்கிற செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ ஜார்க்கண்டிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்து சில மாதமே ஆனவராக இருப்பார்.

இது அப்படிப்பட்ட ஒரு குழுவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிய பதிவு. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள், ரத்தம் எடுக்கிற லேப் ஊழியர்கள் என்று கலவையான கூட்டம், படிப்பு முடித்த கையோடு வந்தவர்கள் முதல் நாற்பதைத் தாண்டியவர்கள் வரை. பகல் ஷிப்ட் முடிந்து சிலர், நைட் டூட்டிக்குப் போகும் முன்பு சிலர், கொட்டாவியோடு வந்து உட்காருவார்கள். இந்த வாரம் வந்த முகம் அடுத்த வாரம் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு: இன்றைக்கு நிகழ்காலம், அடுத்து இறந்தகாலம், அதற்கடுத்து எதிர்காலம் என்று படிக்கட்டு கட்டினால், நடுவில் டூட்டி விழுந்தவர் பாதிப் படியிலேயே நின்றுவிடுவார். ஒவ்வொரு வகுப்பும் முன்பின் இல்லாமல் தனியாகப் புரிய வேண்டியிருந்தது.

இவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேறொரு தமிழ் வகுப்பை முடித்தவர்கள், கையில் கையேடும் இருந்தது. அதில் முதலில் 247 எழுத்து. அப்புறம் ‘இது என்ன, இது மேசை’. அப்புறம் ‘செய்’ என்ற வினைக்கு மூன்று கால அட்டவணை. கடைசியாக ‘பயனுள்ள கேள்விகள்’ என்று ஒரு பக்கம்: எங்கே வலிக்கிறது, எத்தனை நாட்களாக, சாப்பிட்டீர்களா, மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா. அந்தப் பக்கத்தை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள், உச்சரிப்பும் பரவாயில்லை. ஆனால் கேள்வியைச் சுத்தமாகக் கேட்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘அட, இந்தப் பொண்ணுக்குத் தமிழ் நல்லா வருதே’ என்று நினைத்து நோயாளி மூச்சு விடாமல் கொட்டிவிடுவார். கொட்டியதில் ஒரு வரிகூடக் கையேட்டில் இருக்காது. செவிலியர் தலையை ஆட்டிவிட்டு, யாராவது தமிழ் தெரிந்தவரைத் தேடிக்கொண்டு போவார்.

கையேடு கேள்வியின் இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது, பதிலின் இலக்கணத்தைத் தொடவே இல்லை. எங்கள் வகுப்பில் நாங்கள் எடுத்த முடிவு அதைத் திருப்பிப் போடுவதுதான். முதலில் நோயாளி சொல்கிற வாக்கியம் புரிய வேண்டும், எந்த விகுதி வந்தால் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டும். தான் பேசுகிற தமிழ் பின்னால் வந்தால் போதும்.

யாருக்கு எது கஷ்டம்

கையேடு எழுதியவர் மனதில் இருந்த மாணவர் இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர். அதனால் ‘தமிழில் வினை கடைசியில் வரும்’ என்பதற்கே தனிப்பாடம் ஒதுக்கியிருந்தார். இந்தி, வங்காளம், மணிப்புரி எல்லாவற்றிலும் வினை கடைசியில்தான் வருகிறது. அந்தப் பாடம் உண்மையில் தேவைப்பட்டது மேகாலயாவிலிருந்து வந்திருந்த ஒரு லேப் பெண்ணுக்குத்தான், ஏனென்றால் அங்கே பேசுகிற காசி (Khasi) மொழியில் வினை நடுவில் வரும்.

‘எனக்கு’ என்பதன் கதையும் அதேதான். ‘எனக்குக் காய்ச்சல்’ என்பதை இங்கிலீஷ் வழியாகக் கொண்டுவந்தால் ஏதோ விநோதம் போலத் தெரியும், ‘நான் காய்ச்சல் இருக்கேன்’ என்று வந்து விழும். இந்திக்காரரிடம் ‘முஜே புகார் ஹை’ என்று அவர் மொழியையே சொல்லிக்காட்டினால் முடிந்தது, முஜே இருந்த இடத்தில் எனக்கு. வங்காளத்தில் ‘ஆமார்’, அதாவது என்னுடைய காய்ச்சல் என்பார்கள். அவர்கள் கொஞ்ச நாள் ‘என் காய்ச்சல் இருக்கு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டவருக்குப் புரிந்தது, நாங்களும் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை.

மலையாளிகள் தனி ரகம். அவர்களுக்கு எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும், அதுதான் தொல்லை. மலையாள வினையில் நான், நீ, அவர் என்று காட்டுகிற விகுதி கிடையாது, ‘வந்நு’ என்றால் வந்தேன், வந்தார், வந்தது எல்லாமே அதுதான். அதைத் தமிழாக்கி ‘டாக்டர் வந்து’ என்று சொன்னால், தமிழ்க் காது மிச்சத்துக்காகக் காத்திருக்கும். ஒரு நர்ஸ் ‘டாக்டர் வந்து, பார்த்து’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். செய்தி முடிந்துவிட்டது என்பது அவர் நினைப்பு. நோயாளியின் மகன் பின்னாலேயே போய், ‘பாத்து? இன்னா சிஸ்டர் சொன்னாரு?’ என்று கேட்டுக்கொண்டே லிஃப்ட் வரை வந்தாராம். பத்து பேருக்கும் ஒரே பாடம் என்றால், ஒன்பது பேர் தனக்கில்லாத வியாதிக்கு மருந்து சாப்பிடுகிற கதைதான்.

நோட்டு

பாடத்திட்டம் என்று எதையும் எழுதி வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு. வார்டில் யாராவது சொல்லி, புரியாமல் போன வாக்கியத்தைக் காதில் விழுந்தபடியே எழுதிக்கொண்டு வர வேண்டும், தேவநாகரியோ வங்காளமோ ரோமனோ, எந்த எழுத்தானாலும் சரி. நோயாளியின் பெயர், படுக்கை எண், வியாதி எதுவும் இருக்கக்கூடாது, வாக்கியம் மட்டும். வகுப்பில் அதை வாசிப்பார்கள், நாங்கள் அது என்னவாக இருக்கும் என்று துப்பறிவோம். ‘கமியாவல’ என்று ஒருவர் எழுதி வந்தார், ‘கம்மி ஆவல’. ‘இஸ்துகினு போது’ என்று இன்னொருவர், காலை இழுத்துக்கொண்டு போகிறது என்பதைத்தான்.

வட ஆற்காட்டுப் பேச்சை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தில் தலை ‘நோவுது’, வயிறு ‘நோவுது’. ‘வலிக்குது’ என்பதும் உண்டு, ஆனால் கிராமத்துப் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது நோவுதான். ‘இருக்கிறது’ என்பது ‘கீது’ ஆகும், ‘போட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பது ‘போட்டுனு கீறேன்’ ஆகும். கையேட்டில் இருந்த ‘எடுத்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற நீளமான உருவத்தைப் படித்துவிட்டு வந்தவர், நோயாளி சொன்ன ‘போட்டுனு கீறேன்’ அதன் சொந்தத் தம்பிதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

நோட்டுகள் கொஞ்சம் நிரம்பியதும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. புரியாமல் போனதில் பாதிக்கு மேல் புதுச் சொல்லால் வந்த குழப்பம் இல்லை. சொல் தெரியும், அதன் கடைசியில் ஒட்டுகிற வால்தான், அதாவது விகுதிதான், தெரியவில்லை. அதைவிட மோசம், தெரிந்த வால் என்று நினைத்துத் தப்பாகப் புரிந்துகொண்டது.

மடங்க மாட்டேங்குது

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வங்காளத்திலிருந்து வந்த ஒரு பிசியோ, கெட்டிக்காரப் பையன். முழங்கால் அறுவைக்குப் பிறகு பயிற்சிக்கு வந்த ஒரு விவசாயியிடம் காலை மடக்கச் சொல்கிறான். அவர் ‘மடங்க மாட்டேங்குது தம்பி’ என்கிறார். பையனுக்கு ‘மாட்டேன்’ தெரியும், கையேட்டில் படித்திருக்கிறான்: வர மாட்டேன், சாப்பிட மாட்டேன், மறுத்துச் சொல்வது. சரி, இவர் மறுக்கிறார் என்று எடுத்துக்கொண்டான். மறுநாளும் அதே பதில். நோயாளி பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பில் எழுதிவிட்டான். அதற்கடுத்த நாள் தமிழ் தெரிந்த மூத்தவர் வந்து விசாரித்தபோது அந்த மனிதருக்கு வந்ததே கோபம். ‘நானா மாட்டேன்னேன்? கால்தான் மாட்டேங்குது!’

அந்த ஒரு வரியிலேயே பாடம் முழுதும் இருக்கிறது. மாட்டேன் என்கிறது, மாட்டேங்குது, வேலூர்ப் பக்கத்தில் சிலர் வாயில் மாட்டேன்னுது. காலோ தூக்கமோ ரத்தமோ தானே ‘மாட்டேன்’ என்று சொல்வதாக நாம் பேசுகிறோம். தூக்கம் வர மாட்டேங்குது. ரத்தம் நிக்க மாட்டேங்குது. சோறு உள்ள எறங்க மாட்டேங்குது. வார்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழும் என்று எண்ணிப் பார்க்க முடியாத ஒரு உருவம், அந்தக் கையேட்டில் ஒரு இடத்தில்கூட இல்லை. ஏனென்றால் அது எந்தக் கால அட்டவணையிலும் அடங்காது.

வகுப்பில் இதை விதியாக ஒப்பிக்கச் சொல்லவில்லை. நாலு வாக்கியத்தைப் பலகையில் எழுதினோம்: ‘நான் மடக்க மாட்டேன்.’ ‘கால் மடங்க மாட்டேங்குது.’ ‘மடக்க முடியல.’ ‘மடக்கக் கூடாதுன்னாங்க.’ அர்த்தம் என்ன என்று கேட்கவில்லை. இதைக் கேட்டால் அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டோம். முதலாவதற்கு, பக்கத்தில் உட்கார்ந்து பயமா கோபமா என்று பேச வேண்டும். இரண்டாவதற்கு, மூட்டு இறுகியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு, நோவினால் முடியவில்லையா பலம் இல்லாமல் முடியவில்லையா என்று கேட்க வேண்டும். நாலாவதற்கு, யார் அப்படிச் சொன்னது, எப்போது என்று தேட வேண்டும். நாலு வால், நாலு வேலை. பிசியோக்களுக்கு அன்றைக்குத்தான் இலக்கணம் தங்கள் தொழிலுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று நினைக்கிறேன், அதற்கப்புறம் அவர்கள் கொண்டுவந்த வாக்கியங்களின் தரமே மாறிவிட்டது.

போடுவேன்

செவிலியர்களின் நோட்டில் அடிக்கடி வந்தது வேறொன்று. ‘சுகர் மாத்திரை போடுறீங்களா?’ என்று கேட்டால் ‘போடுவேன்’ என்று பதில். கையேட்டின்படி இது எதிர்காலம், இனிமேல் போடப் போகிறார். நமக்கோ அப்படிக் கேட்காது. ‘காலையில எழுந்ததும் டீ குடிப்பேன்’ என்பது எதிர்காலமா? வழக்கம். அதோடு விடாது. ‘முன்னாடியெல்லாம் போடுவேன்’ என்றால் அதே உருவம் பழைய வழக்கம், இப்போது நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். ஆக ‘போடுவேன்’ என்ற ஒரு பதிலில் மூன்று நோயாளிகள் இருக்கலாம்: தினமும் போடுகிறவர், முன்பு போட்டவர், இனிமேல் போடுவதாக வாக்குக் கொடுக்கிறவர். ஒரு செவிலியர் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. ‘போடுவேன்’ என்று காதில் விழுந்ததும் ‘இப்பவும் போடுறீங்களா? கடைசியா எப்ப போட்டீங்க?’ என்று அடுத்த கேள்வி தானாக வாயில் வர வேண்டும், அவ்வளவுதான்.

இதன் எதிர்ப்பக்கம் ‘போடல’. இதில் காலமே கிடையாது. ‘வலிக்கல’ என்றால் இப்போது வலிக்கவில்லையா, அப்போது வலிக்கவில்லையா? இரண்டுக்கும் ஒரே உருவம். வழக்கமாகவே போடுவது இல்லை என்றால் ‘போடறதில்ல’, இனிமேல் போடுவதாக இல்லை என்றால் ‘போட மாட்டேன்’. தமிழர்களான நாம் இதையெல்லாம் யோசித்ததே இல்லை, சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொண்டுவிடுகிறோம். வெளியிலிருந்து வந்தவர் நோட்டில் எழுதிக் கேட்கும்போதுதான், அட, ஆமாம் இல்ல என்று நமக்கே தோன்றுகிறது.

இங்கே ஒரு ஆராய்ச்சிச் செய்தி உதவியது. பில் வான்பாட்டன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1990களில் சொன்னது: இரண்டாம் மொழி கற்கிறவர் ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போது முதலில் உள்ளடக்கச் சொற்களைப் பிடிக்கிறார். ‘நேற்று’ என்று ஒரு சொல் இருந்தால் போதும், வினையின் வாலைக் கவனிக்கவே மாட்டார், தேவையில்லையே. கையேட்டுப் பயிற்சிகள் எல்லாம் ‘நேற்று நான் வந்தேன், நாளை நான் வருவேன்’ என்றே இருந்தன. அவற்றைச் சரியாகச் செய்ய வாலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் நேற்றையும் நாளையையும் எடுத்துவிட்டு வினையை மட்டும் கேட்க விட்டோம். ‘போட்டாங்க’, ‘போடுவாங்க’, ‘போட்டுனு கீறாங்க’, ‘போடச் சொன்னாங்க’. கேட்டதும் கையைத் தூக்கு, எந்த மாத்திரை டப்பா காலியாகியிருக்கும் என்று சொல். முதல் வாரம் எல்லாருக்கும் திணறல்தான்.

கூட வந்தவர் பேசும்போது இன்னொரு வால் முளைக்கும். ‘நேத்தே நெஞ்சு வலிச்சுது’ என்று மருமகள் சொல்வது வேறு, ‘நேத்தே நெஞ்சு வலிச்சுதாம்’ என்பது வேறு. இரண்டாவதில் அவர் பார்க்கவில்லை, மாமியார் சொன்னதைச் சொல்கிறார், அப்படியானால் மாமியாரையே நேரடியாகக் கேட்பது நல்லது. லேப்காரர்களுக்கோ அதே ஓசைக்குப் பக்கத்தில் வேறு தலைவலி: ‘சாப்டாம வாங்க’, ‘சாப்ட்டு வாங்க’, ‘சாப்டலாம்’. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தத்துக்கு இதில் ஒன்று மாறினால் நோயாளியின் ஒரு பஸ் பயணம் வீண். இதை மட்டும் அவர்கள் தாங்களே பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டார்கள்.

ஆயாம்மா

ஆரம்பத்தில் மாணவர்களில் ஒருவர் நோயாளி, ஒருவர் செவிலியர் என்று நடிக்க வைத்தோம். ஒன்றுக்கும் உதவவில்லை. ‘உங்களுக்கு எங்கே வலிக்கிறது?’ ‘எனக்கு வயிறு வலிக்கிறது.’ ‘எத்தனை நாட்களாக?’ ‘இரண்டு நாட்களாக.’ கையேட்டுத் தமிழைக் கையேட்டுத் தமிழ் சந்தித்துச் சந்தோஷமாகக் கைகுலுக்கிக்கொண்டது.

அதற்குப் பதில், வார்டில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவைச் சத்துவாச்சாரியிலிருந்து அழைத்து வந்தோம், போக்குவரத்துச் செலவும் சின்னச் சம்பளமும் கொடுத்து. எல்லாருக்கும் அவர் ஆயாம்மா. எந்த வியாதியையும் நடித்துக் காட்டுவார், ஆனால் மெதுவாகப் பேசு என்றால் கேட்க மாட்டார். ‘நோவு வந்தவங்க மெதுவாவா கண்ணு பேசுவாங்க?’ என்பார். அதுவும் நியாயம்தானே. ‘ரெண்டு நாளா இட்ப்பு நோவுது பாப்பா, மாத்தர போட்டுனுதான் கீறேன், கம்மியாவ மாட்டேன்னுது, பையன் வேற ஊர்ல இல்ல’ என்று ஒரே மூச்சில் போவார். மாணவர் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்டால் கதை நகரும். தப்பாகக் கேட்டால், ஆயாம்மா திருத்தமாட்டார், அந்தத் தப்பான கேள்விக்கே பதில் சொல்லிக் கதையை எங்கேயோ கொண்டு போய்விடுவார், ஜார்க்கண்ட் பெண்ணுக்கு வியர்த்துவிடும். திருத்துவதைவிட இது நன்றாக வேலை செய்தது.

மரியாதை விகுதியையும் ஆயாம்மாதான் சரிசெய்தார். கையேட்டில் ஏவல் வினை ‘படு, திரும்பு, நீட்டு’ என்று தொடங்கி, பிறகு ‘உங்கள்’ சேர்த்தால் மரியாதை என்று ஒரு குறிப்பு. அவசரத்தில் வாய்க்கு வருவது முதலில் படித்ததுதான். ஒரு பையன் ‘படு’ என்றதும், ‘ஏன்டா தம்பி, நான் இன்னா உன் வீட்டு நாயா?’ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து படுங்க, திரும்புங்க, நீட்டுங்க என்பதுதான் வகுப்பில் வேர்ச்சொல். ங்க இல்லாத உருவம் குழந்தைகள் வார்டுக்கு மட்டும் என்று பின்னால் சொன்னோம்.

எதை விளக்குவது, எதை விடுவது

இலக்கணமே சொல்லாமல் வேலைகளை மட்டும் கொடுத்துப் பழக்க முடியும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே முன்னோடி உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரை மையமாக வைத்துப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில், பிள்ளைகள் வரைபடம், கால அட்டவணை போன்ற சிக்கல்களை இங்கிலீஷில் தீர்ப்பார்கள், கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே அமையும் என்பது அவர் கருத்து. எங்கள் வகுப்பின் ‘அடுத்து என்ன செய்வீர்கள்’ என்ற கேள்வி அங்கிருந்து எடுத்ததுதான். ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு வருஷக்கணக்கில் நேரம் இருக்கிறது, வேலைக்கு வந்த பெரியவருக்கு இல்லை, அதோடு பெரியவருக்கு விதியைப் பிடித்து உடனே பயன்படுத்துகிற மூளை இருக்கிறது. அதை ஏன் சும்மா விட வேண்டும்?

அதனால் ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டோம்: ஒரு விதியைச் சொன்னால் பல வினை கையில் கிடைக்குமென்றால் வெளிப்படையாகச் சொல், இல்லையென்றால் வாயைத் திறக்காதே. மடங்கு–மடக்கு இதற்கு நல்ல உதாரணம். கால் மடங்குகிறது, நான் மடக்குகிறேன். திரும்பு–திருப்பு, இறங்கு–இறக்கு, அடங்கு–அடக்கு. தானாக நடப்பதில் மெல்லின ஓசை, செய்விப்பதில் அது போய் வல்லினம் இரட்டிக்கிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்ததுதான். வடக்கத்திக்காரர்களுக்கு ‘ங்க’வின் ஓசையும் ‘க்க’வின் ஓசையும் வேறு வேறு எழுத்து, காதில் பளிச்சென்று பிரியும். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பிசியோக்கள் ‘தானா மடங்குதா, நீங்க மடக்குறீங்களா?’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இறந்தகாலம் இதற்கு நேர் எதிர். நன்னூல் த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை சொல்கிறது, வெளிநாட்டவருக்காக எழுதிய இலக்கணங்கள் வினைகளை மெல்வினை, இடைவினை, வல்வினை என்று பிரித்து மேலும் கிளை போடும். தமிழ் ஆசிரியருக்கு அழகான விஷயம். ஆனால் எந்த வினை எந்தக் கிளையில் என்று யோசித்து முடிப்பதற்குள் நோயாளி தூங்கிவிடுவார். போட்டேன், சாப்ட்டேன், வந்தேன், நின்னுச்சு, விழுந்தேன், எடுத்தாங்க: வார்டில் அடிக்கடி வருகிறதை முழுச் சொல்லாகவே பழகிக்கொள்ளட்டும் என்று விட்டோம். ஒரு தமிழ் இலக்கண ரசிகனாக எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை.

திருத்தும் முறையிலும் ஒரு தேர்வு இருந்தது. மாணவர் தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திரும்பச் சொல்வதுதான் எல்லாரும் செய்வது. ராய் லிஸ்டரும் லைலா ரன்டாவும் மாண்ட்ரீல் பக்கத்துப் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான், ஆனால் மாணவர் அதைக் கவனித்து எதிர்வினை செய்வது இதில்தான் குறைவு என்று கண்டார்கள். அங்கே படித்தவர்கள் சிறுவர்கள், ஆனாலும் எங்கள் அனுபவம் அதேதான். ‘நீங்க மாத்திரை போட்டேன்?’ என்று ஒருவர் கேட்க, ‘போட்டீங்களா’ என்று நாம் மெல்லச் சொன்னால், ‘ஆமா சார்’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ‘யாரு போட்டது? நீங்களா, அவங்களா?’ என்று திருப்பிக் கேட்டால்தான் நின்று யோசிப்பார்.

எதிர்ப்பு

இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மூத்த டாக்டர், ‘வார்டிலேயே கிடக்கட்டும், தானா வந்துடும், வகுப்பு எதுக்கு?’ என்றார். வரும்தான், ஓரளவுக்கு. ஹொனலுலுவுக்குக் குடிவந்த ஒரு ஜப்பானிய ஓவியரை ரிச்சர்ட் ஷ்மிட் மூன்று வருஷம் கவனித்து 1983இல் எழுதினார். அந்த மனிதர் யாரிடமும் கூச்சமில்லாமல் பேசுவார், பழகுவார், தொழில் நடத்துவார், பேச்சுத் திறன் வளர்ந்துகொண்டே போனது, இலக்கணம் மட்டும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. எங்கள் மாணவர்கள் வேலை பார்க்கிற மருத்துவமனையிலேயே ஒடிசாவிலிருந்து வந்து பல வருஷமான ஒரு ஊழியர் இருக்கிறார், ‘நேத்து அம்மா வரும், ஊசி போடும், நல்லா இருக்கும்’ என்று எல்லாக் காலத்தையும் ஒரே உருவத்தில் சொல்லிவிடுவார். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும், எல்லாருக்கும் அவர் பேச்சு புரியும். ஆனால் ஊசி போட்டாயிற்றா, போட வேண்டுமா என்று அவரை நம்பி யாரும் முடிவெடுக்க மாட்டார்கள். டாக்டரிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, சரி நடத்துங்க என்றார்.

இன்னொருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், நல்ல மனிதர். ‘கீது, கீறேன் என்று கொச்சையைப் போய்ப் பாடமாக வைப்பதா?’ என்பது அவர் கேள்வி. கீறேன் என்று பேசச் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டால் புரிந்துகொள்ளத்தான் சொல்லிக்கொடுக்கிறோம், அவர்கள் பேசுவது ‘இருக்கேன், இருக்கு’ என்ற பொதுப்பேச்சுதான் என்று விளக்கினோம். தொல்காப்பியப் பாயிரமே வழக்கையும் செய்யுளையும் சேர்த்துத்தானே சொல்கிறது ஐயா என்றேன். அதற்கு அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், வாதத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அவர் சொன்னதில் ஒன்று நியாயம்: எழுத்தே வேண்டாம் என்று ஒதுக்கக்கூடாது. கொஞ்ச மாதத்தில் மாணவர்களே பஸ் போர்டு படிக்க வேண்டும் என்று கேட்டு வந்தார்கள், காட்பாடி, பாகாயம், குடியாத்தம் என்று ஊர்ப் பெயர்களை வைத்தே எழுத்துப் படித்தார்கள். அந்த வகுப்பை அவர்தான் எடுத்தார்.

என்ன ஆயிற்று

தேர்வு எதுவும் வைக்கவில்லை, ஆகவே எண்ணிக்கை எதுவும் இங்கே இல்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். தமிழ் தெரிந்தவரைத் தேடி ஓடுவது குறைந்தது என்று வார்டு பொறுப்பாளர் சொன்னார், முக்கியமாக இரவு நேரத்தில். தேடி ஓடினாலும், ‘இவங்க என்ன சொல்றாங்க’ என்று மொட்டையாகக் கேட்காமல், ‘மாத்திரை நிறுத்திட்டாங்களா, இல்ல இன்னைக்கு மட்டும் போடலையான்னு கேளுங்க’ என்று குறிப்பாகக் கேட்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த வங்காளிப் பையன் ‘மாட்டேங்குது’ என்பதைத் தன் வாயாலேயே எதற்கும் பயன்படுத்துகிறான், லிஃப்ட் வர மாட்டேங்குது, லீவு கிடைக்க மாட்டேங்குது.

சரியாகாததும் உண்டு. பேசும்போது நான், நீங்க, அவங்க விகுதி இன்னும் தடுமாறுகிறது, மலையாளிகளுக்கு அதிகமாக. கூர்ந்து யோசித்தால் சரியாகச் சொல்வார்கள், வேலை மும்முரத்தில் பழைய உருவம் திரும்பிவிடும். மேகாலயாப் பெண் கடைசி வரை நீளமான வாக்கியத்தில் திணறினார், அவருக்கு மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தால் முன்னேறியிருக்கலாம், ஷிப்ட் இடம் கொடுக்கவில்லை. சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள், அதில் ஒருவர் மட்டும் அட்டவணை போட்டுத் தராத வகுப்பு வகுப்பே இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் நின்றார்.

இப்போது இரண்டாவது குழு நடக்கிறது. அவர்களுடைய நோட்டில் போன் வாக்கியங்கள் நிறைய வருகின்றன, வீட்டுக்குப் போன நோயாளியைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது காதில் விழுந்தவை. முகமும் இல்லை, கை காட்டுகிற இடமும் இல்லை, பின்னால் மாடு கத்துகிறது, நடுவில் மகன் போனை வாங்கிக்கொள்கிறான். ஆயாம்மாவைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து மொபைலில் பேச வைத்துப் பார்க்கிறோம். அவருக்குத்தான் இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, நடிப்பை யாரும் பார்க்க முடியாது என்று குறை.